காகிதத்தில் தெரியாத பழுது: பி365 பிஸ்டலின் முதல் 500 தோட்டாக்கள்

புதுச் சிறு பிஸ்டலைச் சுடுதளத்துக்கு எடுத்துப் போகிறவர்களில் பலர் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா சுடுகிறார்கள். இலக்குக் காகிதத்தில் துளைகள் எங்கே விழுந்தன என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள். அந்தக் காகிதம் சொல்வதெல்லாம் சுட்டவரின் கையைப் பற்றித்தான். துப்பாக்கியைப் பற்றிய செய்தி காலடியில் சிதறிக் கிடக்கும் வெற்றுக்கூடுகளிலும், தோட்டாக்களை ஏற்றும் மேகஸின்களிலும், எத்தனையாவது தோட்டாவில் என்ன நடந்தது என்ற குறிப்பிலும் இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 பிஸ்டல் விற்பனைக்கு வந்த முதல் சில மாதங்களை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மிக நல்ல வடிவமைப்பு. ஆனாலும் முதல் தொகுப்புகளில் காகிதத்துளைகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத பழுதுகள் இருந்தன.

அந்தத் துப்பாக்கி

பி365 அறிமுகமானது 2018 ஜனவரியில். அதுவரை இடுப்பில் மறைத்து வைக்கும் அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல் என்றால் ஆறு, ஏழு, மிஞ்சினால் எட்டுத் தோட்டாக்கள்தான். 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டில் மேகஸினுக்கு 7 அல்லது 8. 2015-இல் வந்த க்ளாக் 43-இல் 6. இவற்றின் மேகஸின்களில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். பி365 ஏறக்குறைய அதே பருமனில், பிடியின் அடியோடு நின்றுவிடும் மேகஸினிலேயே 10 தோட்டாக்களை அடக்கியது. குழலில் ஒன்றையும் சேர்த்தால் 11. ஒரு மேகஸினுக்கு 10 தோட்டாதான் என்று சட்டம் உள்ள நியூயார்க் போன்ற மாநிலங்களின் உச்சவரம்புக்கும் அது சரியாகப் பொருந்தியது.

அளவுகள்: குழல் 3.1 அங்குலம், அதாவது 79 மி.மீ. மொத்த நீளம் 5.8 அங்குலம், உயரம் 4.3, பருமன் ஏறத்தாழ ஓர் அங்குலம். வெற்று மேகஸினோடு எடை 17.8 அவுன்ஸ், சுமார் 505 கிராம். விசையின் (டிரிக்கரின்) இழுப்பு எடை 6 பவுண்டை ஒட்டி, அதாவது 2.7 கிலோ அளவில் இருக்கும். சீரியல் எண் பொறித்த எஃகுச் சட்டகம் பிளாஸ்டிக் பிடியிலிருந்து தனியாகக் கழன்று வரும். சட்டப்படி அந்தச் சட்டகம்தான் துப்பாக்கி. பிடி வெறும் உதிரிப்பாகம்.

பத்துத் தோட்டா எப்படி அடங்கியது என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் தடங்கல்களும் புரியும். 9 மி.மீ. தோட்டாவின் அடிவிளிம்பு ஏறத்தாழ 10 மி.மீ. அகலம். முழு இரட்டை வரிசை மேகஸினில் தோட்டாக்கள் இரு பக்கமும் நன்றாக விலகி நிற்கும். பி365-இல் அந்த விலகல் குறைவு; பாதி இரட்டை என்று சொல்லலாம். மேலே வர வர இரு வரிசையும் நெருங்கி, மேல்வாயான உதட்டுப் பகுதியில் ஒன்றாகிவிடும். இடம் மிச்சமாகிறது. அதற்கு விலையாக, மேகஸின் ஸ்பிரிங் கடினமாக இருந்தாக வேண்டும். தோட்டாக்கள் ஒன்றையொன்று உரசியபடியேதான் மேலேற வேண்டும். புது மேகஸினில் ஒன்பதாவது, பத்தாவது தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திச் செருகிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மாக்லுலா போன்ற ஏற்றும் கருவி ஒன்று பையில் இருந்தால், 500 தோட்டா ஏற்றிய பிறகும் விரல் நுனியில் தோல் மிஞ்சும்.

இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல்விட்ட (bore) வகையைச் சேர்ந்தது. தனியார் உரிமத்தில் இப்படிப்பட்ட பிஸ்டல் கிடைக்காது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சந்தை, அமெரிக்கச் சுடுதளம் சார்ந்தவை.

2018-இல் வெளிவந்த பழுதுகள்

விற்பனை தொடங்கிய சில வாரங்களிலேயே வாங்கியவர்களிடமிருந்து மூன்று வகைப் புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஸ்ட்ரைக்கரின் முனை உடைவது முதலாவது. விசையை முன்னுக்குத் திருப்பும் ஸ்பிரிங் உடைவது அல்லது இடம் பெயர்வது இரண்டாவது. குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு முழுதாக மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றுவிடுவது மூன்றாவது. இருட்டில் ஒளிர வேண்டிய இரவுக்குறிகளில் டிரிட்டியம் விளக்கு மங்கிக் கிடந்ததாகவும் சிலர் சொன்னார்கள். சிலருக்கு முதல் நூறு தோட்டாவுக்குள், சிலருக்குப் பல நூறு கடந்த பிறகு இவை நடந்தன. மற்றவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. 2017 ஆகஸ்டில்தான் இதே நிறுவனம் தன் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்கும் என்ற புகாரையடுத்து இலவச மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. அதனால் வாங்கியவர்கள் ஏற்கெனவே விழிப்போடு இருந்தார்கள். கூடுகளைப் பொறுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குக் கூட்டின் அடியில் ஸ்ட்ரைக்கர் குத்தும் பிரைமரில், குழியை ஒட்டி வால் போன்ற ஒரு கீறல் தெரிந்தது.

அந்த வால் எப்படி வருகிறது? பி365-உம் பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களைப் போலவே குழல் சாய்ந்து பூட்டுத் திறக்கும் பிரௌனிங் முறையில் இயங்குவது. தோட்டா வெடித்ததும் குழலும் ஸ்லைடும் பூட்டிய நிலையிலேயே சிறிது தூரம் பின்னால் போகும். பிறகு குழலின் பின்பகுதி கீழே இறங்கிப் பூட்டு விடுபடும்; ஸ்லைடு மட்டும் பின்னால் தொடரும். குழல் இறங்கும்போது அதற்குள் இருக்கும் வெற்றுக்கூடும் சேர்ந்தே இறங்குகிறது. அந்த நொடியில் ஸ்ட்ரைக்கரின் முனை பிரைமரில் தான் போட்ட குழிக்குள்ளேயே இன்னும் நின்றுகொண்டிருந்தால், இறங்கும் பிரைமரை மேல்நோக்கிக் கீறிவிடும். வட்டமாக இருக்க வேண்டிய குழி கண்ணீர்த்துளி வடிவம் பெறுகிறது.

சிறிய பிஸ்டல்களில் இது கொஞ்சமாவது இருக்கவே செய்யும். குழல் குட்டை, ஸ்லைடு இலேசு, ஆகவே பூட்டு சீக்கிரம் திறக்கிறது. முனை பின்வாங்க அவகாசம் போதாது. மற்ற நிறுவனங்களின் ஒல்லிப் பிஸ்டல்களில் சுட்ட கூடுகளிலும் இந்த வாலைப் பார்க்கலாம். வால் இருப்பதாலேயே துப்பாக்கி பழுது என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் அந்தக் கீறலுக்கு வேண்டிய பலத்தைத் தருவது ஸ்ட்ரைக்கர் முனை. நேராகக் குத்துவதற்காகச் செய்த மெல்லிய கம்பி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நெம்பப்படுகிறது. நூறு முறை, இருநூறு முறை நெம்பினால், முனையின் அடியில் மயிரிழை விரிசல் விழுந்து வளர்ந்து ஒருநாள் ஒடியும். பொருளும் வெப்பப்பதமும் வடிவமும் அந்த நெம்பலைத் தாங்கும்படி இருந்தால் ஆயிரக்கணக்கில் சுட்டாலும் ஒன்றும் ஆகாது. முதல் தொகுப்புகளில் சிலவற்றால் தாங்க முடியவில்லை.

விசை ஸ்பிரிங்கின் கதை எளிது. அது ஒடிந்தால் விசை பின்னால் போனபடியே கிடக்கும். விரலால் முன்னே தள்ளினால்தான் அடுத்த குண்டு. காகிதத்தில் துளைகள் ஒரே இடத்தில் அழகாக விழுந்திருக்கும். அடுத்த குண்டுக்கு விசை வராது.

நிறுவனம் ஸ்ட்ரைக்கரையும் விசை ஸ்பிரிங்கையும் மாற்றியது. புகார் சொன்னவர்களின் துப்பாக்கிகளைப் பழுதகத்துக்கு வரவழைத்துச் சரிசெய்து அனுப்பியது. பொதுவான திரும்பப் பெறல் அறிவிப்பு வரவில்லை. ஆகவே முதல் ஆண்டுத் துப்பாக்கியைப் பழைய பொருளாக வாங்குகிறவர், பெட்டி லேபிளில் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பதோடு அது பழுதகத்துக்குப் போய்வந்ததா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி உரிமையாளர் தன் துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தயாரிப்பாளருக்கே நேரடியாக அனுப்பலாம்; அவர்களும் அவருக்கே நேரடியாகத் திருப்பி அனுப்பலாம். இடையில் கடைக்காரர் தேவையில்லை.

சுடுதளத்துக்குப் போகும் முன்

பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியை அப்படியே சுடக் கூடாது. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் துருப்பிடிக்காமல் காக்கப் பூசியது, மசகுக்காகப் பூசியதல்ல. மேகஸினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, குழலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு கழற்றும் நெம்பைத் திருப்ப வேண்டும். பி365-ஐப் பிரிக்க விசையை அழுத்தத் தேவையில்லை. இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஸ்லைடு, குழல், ஸ்லைடை முன்னுக்குத் திருப்பும் ரீகாயில் ஸ்பிரிங் மூன்றையும் துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு சொட்டு, குழலின் மேல்முகத்தில் ஒரு சொட்டு, குழல் சாய்ந்து உரசும் அடிப்பகுதியில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஸ்ட்ரைக்கர் ஓடும் துளையில் எண்ணெய் விடவே கூடாது. அங்கே எண்ணெயும் கரியும் சேர்ந்து குழம்பானால் ஸ்ட்ரைக்கர் மெத்தென்று போய் முட்டும், பிரைமர் வெடிக்காது.

ஸ்லைடு கழன்று கையில் இருக்கும்போதே ஸ்ட்ரைக்கர் பூட்டை அழுத்திக்கொண்டு ஸ்ட்ரைக்கரை முன்னே தள்ளினால் முனை வெளியே தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைப் பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். 500-க்குப் பிறகு ஒப்பிட இந்தப் படம்தான் ஆதாரம்.

மீண்டும் பூட்டிய பிறகு, வெறும் துப்பாக்கியில் விசையை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்லைடை இழுத்து விட்டு, விசையை மெல்லத் தளர்த்த வேண்டும். டிக் என்று ஒலித்து விசை தானாக முன்னுக்கு வர வேண்டும். இருபது முறை செய்து பார்க்கலாம். ஒருமுறை சோம்பினாலும் அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டா கூடப் போடாமல் கடைக்குத் திருப்புவதே சரி.

மேகஸின்களின் அடித்தட்டில் வண்ணப் பேனாவால் 1, 2, 3 என்று எழுத வேண்டும். இதைச் செய்யாமல் சோதனை நடத்தினால், தடங்கல் வரும்போது காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

செலவையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். 500 தோட்டா என்றால் 50 கொண்ட பெட்டி பத்து. பி365 வந்த காலத்தில் பயிற்சித் தோட்டா ஒன்று 20 சென்ட் அளவில் கிடைத்தது. மொத்தம் சுமார் 100 டாலர். முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா ஒன்று ஒரு டாலர் வரை போனது. 500 டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர் இந்த 100 டாலரில் சிக்கனம் பிடிப்பதை ஏற்க முடியாது. உயிரைக் காக்க என்று வாங்கிய பொருள் இயங்குமா இயங்காதா என்பதற்கு இதைவிட மலிவான விடை இல்லை.

முதல் 150

உள்ளரங்கச் சுடுதளம் என்றால் காதுக்குள் பஞ்சடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்துப் போட வேண்டும். 9 மி.மீ. ஓசையின் உச்சம் 160 டெசிபலை ஒட்டிப் போகும். குட்டைக் குழலில் வெடியொலியும் தீநாக்கும் இன்னும் முன்னால் நிற்கும். பல இடங்களில் காந்தம் ஒட்டும் குண்டுகளுக்கு அனுமதி இல்லை. பெட்டி வாங்கும்போதே ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடலாம். சுடும் கோட்டுக்கு முன்னால் விழுந்த கூடுகளை எடுக்கவும் விடமாட்டார்கள். ஆகவே சாவடியின் வலப்பக்கம் வலைத்துணி ஒன்றைத் தொங்கவிட முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் மேகஸினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்க வேண்டும். அடுத்து இரண்டு தோட்டா. ஒருமுறை விசையை அழுத்தி இரண்டும் தொடர்ந்து வெடித்தால் ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் பூட்டுக்கொக்கி தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கில் சிக்கியிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முழு மேகஸினோடு அது நடந்தால் துப்பாக்கி கையை மீறி மேலேறும். இந்த இரண்டு மேகஸினுக்கு ஒரு நிமிடம் ஆகும். இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மேகஸினையும் முழுதாக ஏற்றி, முழுதாகக் காலியாகும் வரை. ஸ்லைடு மூடிய நிலையில் பத்துத் தோட்டா நிறைந்த மேகஸினைச் செருகிப் பார்ப்பதையும் மறக்கக் கூடாது. பையில் போகும்போது இந்த நிலையில்தான் இருக்கப் போகிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கியிருப்பதால் மேகஸின் கொக்கியில் மாட்டாமல் அரைகுறையாக நின்றுவிடும். உள்ளங்கையால் அடித்துச் செருகி, பிறகு ஒருமுறை கீழே இழுத்துப் பார்க்க வேண்டும்.

குண்டின் எடையிலும் மாற்றிப் பார்க்க வேண்டும். 9 மி.மீ.-இல் பொதுவானவை 115, 124, 147 கிரெய்ன், கிராமில் 7.45, 8.04, 9.53. இலேசான 115-இல் மலிவான, வலுக்குறைந்த மருந்துள்ள பெட்டிகள் உண்டு. புது ரீகாயில் ஸ்பிரிங்கை முழுதாக அமுக்க அவற்றால் முடியாமல், கூடு வெளியேறும் வாயிலில் அடுப்புப் புகைபோக்கி போல நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். 124-இல் அதே துப்பாக்கி ஒழுங்காக ஓடினால் ஸ்பிரிங் பழகும் வரை 124-ஐயே பயன்படுத்தலாம். கூடுதல் அழுத்த வகைத் தோட்டாவைப் பி365 தாங்கும் என்றுதான் நிறுவனம் சொல்கிறது. அவற்றின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 38,500 பவுண்டு, சாதாரணத்தில் 35,000. ஆனால் மூன்று அங்குலக் குழலில் அதனால் கிடைக்கும் வேகம் சொற்பம். உதைப்பும் தேய்மானமும்தான் கூடும். சோதனைக்கு அது வேண்டாம்.

வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, பொக்கென்று கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியின் வாயை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

தடங்கல் யாருடையது

சோதனையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. சிறு பிஸ்டலில் தடங்கல் வந்தால் நான்கு பேரில் ஒருவர் காரணம்: மேகஸின், தோட்டா, சுடுபவர், துப்பாக்கி. குறிப்பேட்டில் நான்கே தகவல் எழுதினால் போதும்: மொத்தக் கணக்கில் எத்தனையாவது தோட்டா, எந்த எண் மேகஸின், அந்த மேகஸினில் எத்தனையாவது, எந்தப் பெட்டி. தடங்கல் ஒரே மேகஸினோடு ஒட்டிக்கொண்டே வந்தால் அதன் உதடு அல்லது ஸ்பிரிங். ஒரே பெட்டியோடு வந்தால் தோட்டா. வேறொருவர் சுட்டதும் மறைந்தால் பிடி. மூன்றையும் மாற்றிய பிறகும் தொடர்ந்தால்தான் துப்பாக்கி.

பி365-இல் அடிக்கடி காணும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு பூட்டாமல் மூடிக்கொள்கிறது என்று புகார் வரும். பெரும்பாலும் காரணம் கட்டைவிரல். பிடி சிறியது, இரு கட்டைவிரலையும் முன்னோக்கி அடுக்கிப் பிடிக்கும்போது வலக்கைக் கட்டைவிரல் ஸ்லைடு பூட்டும் நெம்பின்மேல் உட்கார்ந்துவிடும். நெம்பால் எழும்ப முடியாது. கட்டைவிரலை அரை அங்குலம் மேலே தூக்கி, அதே மேகஸினில் இரண்டு தோட்டா போட்டு ஐந்து முறை சுட்டால் விடை தெரிந்துவிடும். ஐந்து முறையும் பூட்டினால் துப்பாக்கிக்குக் குறையில்லை.

மணிக்கட்டுத் தளர்ச்சி அடுத்தது. ஸ்லைடு பின்னால் போகும்போது சட்டகம் அசையாமல் நின்றால்தான் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும். 500 கிராம் துப்பாக்கியில் கை தளர்ந்தால் சட்டகமும் கூடவே பின்னால் ஓடும். ஸ்லைடின் ஓட்டம் குறைந்து கூடு மாட்டிக்கொள்ளும். க்ளாக் 19-இன் எடை வெற்று மேகஸினோடு சுமார் 670 கிராம். அதே தோட்டாவைச் சுட்டால் பி365 அதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பின்னால் வரும். அதனால்தான் ஒற்றைக் கையில், வலம் ஒரு மேகஸின் இடம் ஒரு மேகஸின் என்று சுட்டுப் பார்ப்பதைச் சோதனையில் சேர்க்கிறோம். ஆபத்தான நேரத்தில் பிடி எப்போதும் சீராக இருக்காது.

ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்பது துப்பாக்கியின் பக்கம்தான் அதிகம் சாயும். பின்னால் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் மூடிக்கொள்ளும். பலர் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். முதல் நூறில் ஒன்றிரண்டு வந்து, எண்ணெய் விட்ட பிறகு நின்றுவிட்டால் பொறுக்கலாம். 150-க்குப் பிறகும் தலைகாட்டினால் பழுதகத்துக்கு அனுப்புவதே வழி. எமரித்தாளை எடுத்து, தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவைத் தேய்க்கத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது; உத்தரவாதமும் போய், பழுதும் அப்படியே இருக்கும்.

கூடுகளைப் படிப்பது

ஒவ்வொரு 50-க்கும் ஐந்து கூடுகளை எடுத்து, எண்ணிக்கை எழுதிய சிறு பையில் போட வேண்டும். 50, 100, 150 என்று பைகள் சேரும். வீட்டில் நல்ல வெளிச்சத்தில் வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம்.

குழி நடுவில் இருக்கிறதா, வால் இருக்கிறதா, இருந்தால் எல்லாக் கூட்டிலும் ஒரே நீளமா என்பதைப் பார்க்க வேண்டும். கூடு எந்தப் பக்கமாகக் குழலில் இருந்தது என்பதை அடிவிளிம்பில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் இடித்த வடு சொல்லும். அதை இடப்பக்கமாக வைத்துப் பிடித்தால் வால் மேல்நோக்கி நிற்க வேண்டும். 50-ஆவது பையிலும் 400-ஆவது பையிலும் வால் ஒன்றுபோல இருந்தால் அது அந்தத் துப்பாக்கியின் இயல்பு. நீண்டுகொண்டே போனாலோ, திடீரென்று குழியின் விளிம்பு கூர்மையாகி உள்ளே ஒரு சிறு மேடு தெரிந்தாலோ முனையில் ஏதோ உடைந்திருக்கிறது. அப்போது ஸ்லைடைக் கழற்றி, எடுத்து வைத்த படத்தோடு முனையை ஒப்பிட வேண்டும். குழிகள் ஆழமில்லாமல் போவது ஸ்ட்ரைக்கர் துளையில் அழுக்கு என்பதற்கு அடையாளம். முனை உடைவதற்கு முன் வெளியில் தெரியும் ஒரே முன்னறிவிப்பு இந்தக் கூடுகள்தான். காலால் தள்ளிக் குப்பையில் சேர்த்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் 150. இரண்டாம் நாளுக்கு முன் சுத்தம் செய்யக் கூடாது. 350 வரை அழுக்கோடு ஓட வேண்டும், எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு விடலாம். மூன்றாம் நாள் கடைசி 50, உண்மையில் எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயின்ட் தோட்டாவாக இருக்க வேண்டும், எல்லா மேகஸினிலும் பகிர்ந்து. குண்டின் வாய் அகலமாக இருப்பதால் சரிவில் முட்டி நிற்பது இந்த வகையில்தான் தெரியவரும். பயிற்சித் தோட்டா 450 ஒழுங்காக ஓடியது இதற்கு உத்தரவாதமாகாது.

குறி

காகிதத்தை முழுவதும் ஒதுக்கவும் வேண்டாம். 7 கெஜம், அதாவது 6.4 மீட்டரில், மேசைமேல் மணல்மூட்டையில் கையைச் சாய்த்து ஐந்து ஐந்தாகச் சுட்டால் துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்பது தெரியும். பி365-இன் குறிகளில் முன்குறியின் புள்ளி இலக்கை மறைத்து நிற்க வேண்டும். புள்ளிக்கு மேலே இலக்கை உட்கார வைத்துப் பழகியவர்கள் குண்டு கீழே விழுகிறது என்று குறியைக் குறைசொல்வார்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 12 சென்டிமீட்டரை ஒட்டியது. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 6.4 மீட்டரில் குண்டு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகும். வலக்கைக்காரரின் குழு கீழே இடப்பக்கம் ஒதுங்கினால் குறியைச் சுத்தியால் தட்டுவதற்கு முன், போலித் தோட்டாவை நடுவில் கலந்து ஏற்றிச் சுட வேண்டும். வெடிக்காத இடத்தில் வாய் கீழே குத்துவது கண்ணெதிரே தெரியும்.

500-க்குப் பிறகு

முதலில் கையை, முகத்தைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். ஈயத்தூசு கையோடு வீட்டுக்கு வரக் கூடாது. பிறகு துப்பாக்கியை முழுதாகச் சுத்தம் செய்து, ஸ்ட்ரைக்கர் முனையைப் படத்தோடு ஒப்பிட்டு, விசை திரும்புவதை இருபது முறை மறுபடி பார்த்து, இரவுக்குறிகளை இருட்டறையில் பார்க்க வேண்டும். கடைசி 200-இல், ஹாலோ பாயின்ட் 50-உம் சேர்த்து, துப்பாக்கியின் பக்கம் சாயும் தடங்கல் ஒன்றுகூட இல்லை என்றால் அதை இடுப்பில் வைக்கலாம். ஒன்று வந்திருந்தால் காரணத்தைச் சரிசெய்து, அந்த 200-ஐ முதலிலிருந்து எண்ண வேண்டும்.

2019-இல் 3.7 அங்குலக் குழலோடு பி365 எக்ஸ்எல் வந்தது. அதே ஆண்டில் 11 தோட்டா மேகஸினோடு ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் வந்தது. 2021-இல் ஷீல்டு பிளஸ். எல்லாமே அதே நெருக்கமான மேகஸின், அதே இலேசான ஸ்லைடு. ஆகவே இங்கே சொன்ன முறை இவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

சோதனை முடிந்து எடுத்துச் செல்லத் தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டியது குழலில் இருக்கும் அந்த ஒரு தோட்டாவை. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து, திரும்பி வந்ததும் அதையே மறுபடி ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சரிவில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் வேகமாக ஏறும். 9 மி.மீ. தோட்டாவின் நீள வரம்பு 29.69 மி.மீ.; அதற்குள் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு நீளம் உண்டு. ஆகவே அதே பெட்டியில் ஏற்றப்படாத தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, வெளியே வந்தது கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாக இருந்தால் அதைத் தனியே ஒதுக்கிச் சுடுதளத்தின் கழிவுத் தோட்டாப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.